குடியும் மனநோயும் ஒரே ஆளிடம் இருந்தால்: குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

"முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் மனநோய்க்கு மருந்து பார்க்கலாம்" என்று ஓர் இடத்தில் சொல்வார்கள். "இவருக்கு மனநோய் இருக்கு, அதைச் சரி பண்ணிட்டுக் கூட்டி வாங்க, அப்புறம் சேர்த்துக்கறோம்" என்று இன்னோர் இடத்தில் சொல்வார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் அலைந்து ஓய்ந்த குடும்பங்களுக்காக இந்தப் பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே மருத்துவக் குழு பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து சொல்கின்றன.

இரண்டும் ஒருவருக்கே வருவது அபூர்வம்தானே?

இல்லை. அமெரிக்காவில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 1990இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், குடிநோய் இருந்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநோயும் இருந்தது. மனச்சிதைவு நோய் (யாரும் பேசாமலே குரல் கேட்பது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது) உள்ளவர்களில் 47 சதவீதம் பேருக்கும், இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கும் குடியோ வேறு போதையோ பிரச்சினையாக இருந்தது. இருமுனைக் கோளாறு என்றால், சில வாரம் தூக்கமே இல்லாமல் துள்ளுவது, பிறகு சில வாரம் எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பது. நம்மூர் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்த்தாலே இது புரியும். உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் விஷயம் இல்லை இது.

இது நோயா, கொழுப்பா? சொந்தக்காரர்கள் எல்லாரும் "நாலு அடி போட்டா சரியாயிடும்" என்கிறார்கள்.

நோய். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே, மது மற்றும் போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் போதை சிகிச்சைக்கென்று டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். இப்போது 'குடிகாரன்' என்று சொல்லாமல் 'குடிநோயாளி' என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிகிச்சை மையங்களில் வேரூன்றிவிட்டது. அடி வாங்கியவர் ஒரு வாரம் பயந்து இருப்பார். அடித்த அண்ணன் ஊருக்குப் போனதும் கடைக்குப் போய்விடுவார். அவருக்கு மனச்சோர்வும் இருந்தால், அந்த அவமானம் இன்னும் மோசமான முடிவுக்குக்கூடத் தள்ளும்.

எது முதலில் வந்தது? கவலையால் குடிக்கிறாரா, குடியால் கவலையா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். ஆனால் குடித்துக்கொண்டிருக்கும்போது இதற்கு நேர்மையான பதில் சொல்ல முடியாது. ஆல்கஹால் மூளையைச் சோர வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், காலையில் பதற்றத்தைக் கொடுக்கும். ஒரு குவாட்டரில் மட்டும் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. தினமும் அவ்வளவு உள்ளே போகிறவர்களில் பலர் மனச்சோர்வு நோயாளி மாதிரித்தான் தெரிவார்கள்.

1988இல் அமெரிக்காவில் சிகிச்சைக்குச் சேர்ந்த குடிநோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. சேர்ந்த நாளில் 42 சதவீதம் பேருக்குக் கவனிக்க வேண்டிய அளவு மனச்சோர்வு இருந்தது. 4 வாரம் குடிக்காமல் இருந்த பிறகு அது 6 சதவீதமாகக் குறைந்தது. அதாவது பெரும்பாலானவர்களுக்குச் சோர்வு குடியோடு போய்விடுகிறது. போகாதவர்கள்தான் தனியாக மனச்சோர்வு நோயும் உள்ளவர்கள். அவர்களைத் தவறவிடக் கூடாது.

அதற்காக 4 வாரம் எதுவும் செய்யாமல் காத்திருக்கச் சொல்லவில்லை. முன்கதையைக் கேட்டாலே நிறையத் தெரியும். நல்ல டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டு, எந்த வயதில் குடி ஆரம்பித்தது, எந்த வயதில் தூக்கம் கெட்டது, எப்போது வேலை போனது, குடிக்காமல் இருந்த மாதங்கள் எவை என்று குறித்துக்கொள்வார். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு நல்ல தடயம் இருக்கிறது: சபரிமலைக்கு மாலை போட்ட நாட்கள். "மாலை போட்டா தொடவே மாட்டாருங்க" என்று மனைவிமார் பெருமையாகச் சொல்வார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: அந்த விரத நாட்கள் முழுக்க அவர் எப்படி இருந்தார்? சாப்பிட்டு, தூங்கி, பிள்ளைகளோடு சிரித்துப் பேசினாரா? அல்லது குடிக்காமலேயே மூலையில் உட்கார்ந்திருந்தாரா, "செத்துப்போனா நல்லது" என்றாரா, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னாரா? இரண்டாவது மாதிரி இருந்திருந்தால், குடி போனாலும் நோய் நிற்கிறது என்று அர்த்தம். டாக்டர் கேட்காவிட்டாலும் இதை நீங்களாகச் சொல்லுங்கள்.

அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது மனநோயோ தற்கொலை முயற்சியோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தினமும் காலையிலேயே குடிப்பவர் நாளைக்கு மாலை போடப் போகிறேன் என்கிறார். நல்லதுதானே?

எண்ணம் நல்லது. ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் ஃபிட்ஸ் வரலாம். 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாளுக்குள் சித்தப்பிரமை வரலாம். வியர்த்துக் கொட்டும், இதயம் படபடக்கும், இடம் பொழுது தெரியாது. சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்வார், போர்வையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டே இருப்பார். கொத்தனார் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து காற்றில் செங்கல் அடுக்கிக்கொண்டிருப்பார். தையல்காரர் கால் மிஷினை மிதித்துக்கொண்டே இருக்கும். அவரவர் தொழில் கைகாலில் வந்து நிற்கும். பார்ப்பவர்கள் சாமி குத்தம் என்றும் காத்துக் கருப்பு என்றும் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். அந்த நேரத்தில் போக வேண்டிய இடம் அவசரப் பிரிவு, 108ஐக் கூப்பிடுங்கள்.

இதைத் தடுக்க முடியும். ஆஸ்பத்திரியில் சில நாட்கள் குளோர்டயாசெபாக்சைடு, லோராசெபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். தயமின் குறைந்தவருக்கு அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் தெருமுனை கிளினிக்கில் "சோர்வா இருக்காரு, ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று கேட்காதீர்கள். இந்த நாட்கள் முடிந்த பிறகு தாராளமாக மாலை போடட்டும்.

நினைவு தெளிவாக இருந்தும், யாரும் பேசாமலே குரல் கேட்பது நிற்காவிட்டால் அது வேறு விஷயம். அதையும் அதே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஏன் ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றைப் பார்க்கக் கூடாது?

ஒன்று மற்றதை விடாது என்பதால்தான். மனச்சோர்வுக்கு மருந்து தராமல் குடியை மட்டும் நிறுத்தினால், அவர் தூக்கமில்லாத ராத்திரிகளோடு வீட்டுக்கு வருகிறார். அந்தத் தவிப்புக்கு அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து கடையில் இருக்கிறது, மதியம் 12 மணிக்குத் திறந்துவிடும். மறுபக்கம், மனச்சிதைவுக்கு மட்டும் மாத்திரை கொடுத்துவிட்டுக் குடியையோ கஞ்சாவையோ கேட்காமல் விட்டால், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார், குரல்கள் திரும்பும். "மருந்து வேலை செய்யல" என்று அளவு ஏறிக்கொண்டே போகும்.

இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கும் முறை தோற்பதைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் அவருடைய சகாக்களும் ஒரே குழு இரண்டையும் பார்க்கும் முறையை வளர்த்தார்கள். மனநல மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், வேலை தேடித் தருபவர் எல்லாரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒரே மேஜையில் பேசுவார்கள். அவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் வெளியே அனுப்ப மாட்டார்கள். எந்த நிலையில் இருக்கிறாரோ அங்கிருந்து தொடங்குவார்கள். நம் ஊரில் இவ்வளவும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் ஒரே மனநல மருத்துவர் இரண்டுக்கும் பொறுப்பேற்றாலே பாதி அலைச்சல் போய்விடும். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் போதை சிகிச்சைக்கென்றே மனநல மருத்துவத்தின் கீழ் தனிப் பிரிவு இருக்கிறது.

"மாத்திரை சாப்பிட்டா குடிக்கக் கூடாது" என்று சொன்னார்கள். அதனால் குடிக்கும் நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்.

நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். சொன்னவர்கள் குடியை விடச் சொன்னார்கள், கேட்டவர் மாத்திரையை விட்டார். வாரத்தில் நாலு நாள் குடித்தால் நாலு நாள் மாத்திரை இல்லை. அப்புறம் மருந்து எப்படி வேலை செய்யும்? மனச்சோர்வு மருந்து விடாமல் சாப்பிட்டாலே பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும்.

எல்லா மாத்திரைக்கும் ஒரே விதி கிடையாது. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகைகளைக் குடியோடு சேர்த்தால் மூச்சு அடங்கிப்போகலாம். இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவர் குடித்து வாந்தி எடுத்து உடம்பு வற்றினால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி விஷமாகும். வேறு சில மருந்துகளை நிறுத்துவதுதான் அதிகக் கெடுதல். அதனால் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: "ஒருவேளை குடிச்சிட்டார்னா அன்னைக்கு எந்த மாத்திரை தரலாம், எது தரக் கூடாது?" பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து இருக்கிறதாமே?

பஸ்ஸிலும் சுவரிலும் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிலர் டைசல்பிராம் மாத்திரையை வாங்கிக் குழம்பில் பொடித்துப் போடுகிறார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயமே நிற்கும் அபாயம் உண்டு. நிறுத்தி 2 வாரம் வரைகூட அந்தத் தாக்கம் இருக்கும். ஆளுக்குத் தெரிந்து, சம்மதித்து, ரத்தப் பரிசோதனை பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. மனச்சிதைவு போன்ற நோய் இருந்தால் அதை இன்னும் மோசமாக்கவும் கூடும். இரண்டும் உள்ளவரின் வீட்டில் இது இரட்டை ஆபத்து.

குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மனநோய் மருந்துகளோடு சேர்த்துத் தரலாமா, கல்லீரலும் சிறுநீரகமும் தாங்குமா என்று டாக்டர் பார்த்து முடிவு செய்வார்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் சாப்பிடுபவர் பீடி, சிகரெட்டைச் சட்டென்று விட்டால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும். புகை, அந்த மருந்தைக் கல்லீரல் வேகமாகக் கழிக்கும்படி செய்துகொண்டிருந்தது. புகையை விடுவது நல்லதுதான், ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விடட்டும்.

குடித்தாலும் குடிக்காவிட்டாலும் என்மேல் சந்தேகம். போனைப் பிடுங்குகிறார், வேலைக்குப் போனால் பின்னாலேயே வருகிறார்.

இதைச் 'குடித்தால் அப்படித்தான்' என்று விடாதீர்கள். நீண்ட காலம் குடித்த சிலருக்கு மனைவி மேல் வரும் சந்தேகம், ஆதாரமே தேவைப்படாத உறுதியான நம்பிக்கையாக மாறிவிடும். சத்தியம் செய்தாலும் தீராது. மனநல மருத்துவத்தில் வன்முறை நடக்க வாய்ப்பு அதிகமுள்ள நிலைகளில் இதுவும் ஒன்று. இதற்கு மருந்து உண்டு. ஆனால் முதலில் உங்கள் பாதுகாப்பு. டாக்டரிடம் அவர் இல்லாதபோது தனியாகப் பேச நேரம் கேளுங்கள். மிரட்டல் இருந்தால் மகளிர் உதவி எண் 181. வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தால் போங்கள், அவருடைய சிகிச்சை உங்கள் உயிரை வைத்து நடக்கக் கூடாது.

மகன் கஞ்சா அடிக்கிறான், யாரோ கண்காணிக்கிறார்கள் என்கிறான். டாக்டரிடம் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமா?

உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்க மருத்துவமனைக்குச் சட்டப்படி கடமை இருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு, பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்கு பெற வழி தருகிறது. பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

கஞ்சாவால் வந்த சந்தேகமும் குரலும் நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ அடங்கலாம். ஒரு மாதம் தாண்டியும் இருந்தால் மனச்சிதைவாக இருக்குமோ என்று டாக்டர் தொடர்ந்து கவனிப்பார். சிறு வயதில் ஆரம்பித்தவர்களுக்கும், குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். "கஞ்சாதான் காரணம், விட்டா சரியாயிடும்" என்று மருந்தைப் பாதியில் நிறுத்துவது நிறைய வீடுகளில் நடக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள்.

"செத்துடுவேன்" என்கிறார். குடித்துவிட்டுச் சொல்வதை நம்பலாமா?

நம்புங்கள். மனச்சோர்வு இருப்பவருக்குள் குடி போகும்போது, யோசித்துத் தயங்க வைக்கும் அந்தச் சில நிமிடங்கள் காணாமல் போகின்றன. தற்கொலைகள் பல அந்த நிமிடங்களில்தான் நடக்கின்றன. வீட்டில் பூச்சி மருந்து, எலி மருந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகள் இருந்தால் இன்றைக்கே வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வையுங்கள். மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி நீங்களே கொடுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவர் பேச வாசல்தான் திறக்கும். டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104இலும் பேசலாம்.

முயற்சி செய்துவிட்டால் கேஸ் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு அவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

மறுவாழ்வு மையத்தில் சேர்க்கலாமா? ஆளை வந்து தூக்கிட்டுப் போறோம், 6 மாசம் வச்சிருப்போம் என்கிறார்கள்.

இப்படித் தூக்கிட்டுப் போகும் இடம் வேண்டாம். மனநோயும் உள்ளவரை, மனநல மருத்துவரே இல்லாத இடத்தில் அடைப்பது மருந்தில்லாமல் விடுவதற்குச் சமம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 சட்டம் தெளிவாகவே தடை செய்கிறது.

வேறு மையம் என்றாலும் சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்று எங்கே? மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், பெயர் என்ன? ராத்திரி ஃபிட்ஸ் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள்? ஏற்கெனவே சாப்பிடும் மனநோய் மாத்திரையைத் தொடர்வீர்களா? நான் வாரம் ஒரு முறை பார்த்துத் தனியாகப் பேசலாமா? கடைசிக் கேள்விக்கு "ஒரு மாசத்துக்கு யாரும் பார்க்கக் கூடாது" என்று பதில் வந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

சம்மதம் இல்லாமல் சேர்க்கவே முடியாதா என்றால், முடியும். உயிருக்கு ஆபத்து இருந்தாலோ, பிறருக்கு ஆபத்து இருந்தாலோ, தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாமல் இருந்தாலோ, அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் முடிவெடுக்கச் சட்டம் ஏற்கும் ஆள்) விண்ணப்பித்து, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்துச் சேர்க்கலாம். முதலில் 30 நாள் வரைதான். அதற்கு மேல் என்றால் கூடுதல் பரிசோதனையும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

கோயிலில் கயிறு கட்டுகிறோம், தர்காவில் தங்குகிறோம். தவறா?

தவறே இல்லை. கட்டிய கயிறு கையில் இருக்கும்வரை தொடாமல் இருப்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். நம்பிக்கையும் மாத்திரையும் ஒரே கையில் இருக்கலாம். மருந்தை நிறுத்தச் சொல்லும் இடத்திலிருந்து மட்டும் விலகுங்கள்.

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) கூட்டத்தில் ஒருவர், மனநோய் மாத்திரையும் ஒரு போதைதான், விடு என்றாராம்.

அது அந்த ஒருவரின் கருத்து. உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பதுதான் அந்த அமைப்பின் சொந்த வெளியீடே சொல்வது. மனச்சோர்வு மருந்தும் மனச்சிதைவு மருந்தும் போதை தருபவை அல்ல. கூட்டத்தை விட வேண்டாம், இன்னொரு குழுவுக்குப் போய்ப் பார்க்கட்டும். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு, நீங்களும் போங்கள்.

மறுபடியும் குடித்துவிட்டார். எல்லாம் வீண்தானா?

இல்லை. ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று நிதானமாகத் திரும்பிப் பாருங்கள். பல சமயம் கடைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே தூக்கம் குறைந்திருக்கும், மாத்திரை நின்றிருக்கும், பேச்சு மாறியிருக்கும். அந்த அடையாளங்களைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை முன்கூட்டியே டாக்டரிடம் போகலாம். இரண்டு நோயும் உள்ளவருக்கு மாதக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் தொடர்பு தேவைப்படும்.

எனக்கே பிரச்சினை. பெண் என்பதால் வெளியே சொல்ல முடியவில்லை.

குடியோ, கடையில் சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரையோ, வலி மாத்திரையோ, எதுவானாலும் டாக்டர் அதிர்ச்சி அடைய மாட்டார். தூக்க மாத்திரையையும் திடீரென நிறுத்தாதீர்கள், ஃபிட்ஸ் வரலாம். கர்ப்பமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

எங்கே போவது? முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?

செலவில்லாமல் தொடங்க, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு அல்லது மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14416இல் கேளுங்கள். போதைக்கென்று தேசிய உதவி எண் 14446. இந்தியாவில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மதுவால் நோயுற்றவர்களில் 86 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை.

அவர் வர மறுத்தால் முதல் முறை நீங்கள் மட்டும் போங்கள். "குடிக்காக" என்று கூப்பிட்டால் வராதவர் "தூக்கம் வரலைன்னு சொல்றீங்களே, அதுக்காகப் போகலாம்" என்றால் வரக்கூடும், அதுவும் உண்மைதானே. காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள். பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், நாட்டு மருந்துப் பொட்டலம் இருந்தால் அதையும். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், இதற்கு முன் ஃபிட்ஸ் வந்திருக்கிறதா, குடிக்காத நாட்களில் எப்படி இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்: "இவருக்கு ரெண்டும் இருக்குன்னு நினைக்கிறோம், ரெண்டையும் நீங்களே பார்ப்பீங்களா?" பார்க்க முடியாது என்றால், யார் பார்ப்பார்கள் என்று பெயரோடு எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.